வயிற்றுவாரும் குழந்தையுடலும்: நாவற்குடாவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருங்கிவர, அவற்றிடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரையில், கல்லடிக்குத் தெற்கே காத்தான்குடியை அடுத்து அமைந்துள்ளது நாவற்குடா. நாவல் மரத்தையும் நீர்க்குடாவையும் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. 1924 ஆம் ஆண்டிற் கல்லடிப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரையிலுள்ள பட்டினத்துக்குச் செல்ல வேண்டியோர் தோணியையே நம்பியிருந்தனர். பிள்ளைப்பேறு தோணிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே பேறு வீட்டிலேயே நிகழ்ந்தது. அவ்வீடு பெரும்பாலும் பெண்ணின் தாய் வீடாகவே இருந்தது.

இது தற்செயலான செய்தியன்று. மட்டக்களப்புப் பிரதேசத்தின் குடிமுறை தாய்வழிப்பட்டது. பிள்ளை தாயின் குடியையே சேரும். ஒரு குடியின் உட்பிரிவு வயிற்றுவார் எனப்படும். ஒரு தாயின் வயிற்றுவழி வந்தோர் என்பது அதன் கருத்து. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வருவான். வீடு மகளுக்குச் சீதனமாகும். அடுத்த மகள் வளர, பெற்றோர் அருகிலே மற்றொரு வீடு கட்டுவர். தமிழரிடம் மட்டுமன்றிக் காத்தான்குடி முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடமும் இவ்வமைப்பு வேரூன்றியுள்ளது. 1876 இல் பிறிற்றோ என்பார் முக்குவர் சட்டம் பற்றி எழுதி வெளியிட்ட நூல், சொத்து தாய்வழியிற் சென்ற பழைய முறையைப் பதிவு செய்தது. வீடும் குடியும் வயிற்றின் வழி வருவன என்பதில் இப்பிரதேசத்து மக்களுக்கு ஐயம் இருந்ததில்லை. வயிற்றின் வழி உடலுக்கு வேறு எவை வருகின்றன என்ற வினாவே இங்கு ஆராயப்படுவது. குறிப்பாக, ஒரு குழந்தையின் உடலிற் கொழுப்பு எவ்வளவு சேரும், எவ்விடத்திற் சேரும் என்பதை அது பிறக்கு முன்னரே தாயின் உடல் ஓரளவு தீர்மானிக்கின்றது என்ற கருத்து சென்ற அரை நூற்றாண்டில் உருப்பெற்றுள்ளது. அக்கருத்தின் வரலாறு நாவற்குடாவுக்குத் தொலைவான ஊர்களில் நிகழ்ந்ததாயினும், அதன் பொருள் இங்குள்ள வீடுகளின் உள்ளே வரை வருவது.

கரு வளர்ச்சி பற்றி மரபுச் சமூகத்துக்கு எண்ணமே இருந்ததில்லை எனக் கருதுவது தவறு. 1969 முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் ஆய்வு மேற்கொண்ட மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, மட்டக்களப்புத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குருதி, சூடு, குளிர்ச்சி, கருவளம் ஆகியன பற்றி நிலவும் கருத்துக்களை 1982 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் விரிவாக எடுத்துரைத்தார். உண்ட உணவு குருதியாகும், குருதி கருவை வளர்க்கும் என்ற அடிப்படை அக்கருத்துக்களில் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்த பத்தியக்கறியும், பால் சுரக்கச் சுறாவும், குத்தரிசிச் சோறும் ஊட்டிப் பேணிய பழக்கம் இதனின்று எழுந்ததே. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மரபின் அக்கறை பேற்றின் பின் மிகுந்திருந்த அளவுக்குப் பேற்றின் முன் இருந்ததெனக் கூறுதல் இயலாது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் மசக்கை ஆசைகளை நிறைவேற்றினர். ஆனால் கடைசி மாதங்களில் அதிகம் உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்ற அச்சம் தென்னாசியாவின் பல பகுதிகளிற் பதிவாகியுள்ளது. வைத்தியசாலை தொலைவாயும் சத்திரசிகிச்சை கிட்டாததாயும் இருந்த காலத்தில் அவ்வச்சம் மூடநம்பிக்கையன்று. தாயின் உயிரைக் காக்க நினைத்த கணக்கேயாகும். சிறிய பிள்ளை, எளிய பேறு. அக்கணக்கின் மறுபக்கம் பிள்ளையின் ஐம்பதாவது வயதிற் புலப்படக் கூடியது என்பதை எந்த மருத்துவிச்சியும் அறிந்திருக்க நியாயமில்லை.

இலங்கையிற் பிறப்பின் வரலாறு இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் இறப்பின் வரலாறாகவே இருந்தது. 1934-35 இன் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டு, பயிற்றப்பட்ட மருத்துவிச்சி வீடு வீடாகச் செல்லும் முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. 1946 இல் ஆயிரம் பிறப்புக்களுக்கு 141 ஆகவிருந்த சிசு மரண வீதம் அடுத்த ஆண்டிலேயே 101 ஆகக் குறைந்தது. டி.டி.ரி. தெளிப்பு, வைத்தியசாலைகளின் பெருக்கம், 1942 முதல் வழங்கப்பட்ட கூப்பன் அரிசி ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். எவ்வாறாயினும், பிள்ளை பிழைக்குமா என்ற கேள்வி பின்தள்ளப்பட, பிள்ளை எத்தனை இறாத்தல் என்ற கேள்வி முன்வந்தது. தராசு வீட்டுக்குள் நுழைந்தது.

அத்தராசிலிருந்தே இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் எழுந்தமை வியப்புக்குரியது. இங்கிலாந்தின் ஹேட்ஃபட்ஷயர் மாவட்டத்தில் எதெல் மாகிரெட் பேண்சைட் என்ற பெண்மணியின் மேற்பார்வையில், 1911 முதல் மருத்துவிச்சிகளும் சுகாதாரப் பெண் உத்தியோகத்தரும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையையும் ஒரு வயது நிறையையும் பேரேடுகளில் எழுதி வந்தனர். அதனை எழுதியோர் ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. குழந்தைகள் இறவாதிருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதினர். பல பத்தாண்டுகளின் பின் சவுத்தாம்ரனைச் சேர்ந்த டேவிட் பாக்கரும் அவருடைய குழுவினரும் அவ்வேடுகளைக் கண்டெடுத்து, அக்குழந்தைகள் முதியோராகி என்னவாயினர் எனத் தேடினர். 1989 இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்கச் செய்தது: ஒரு வயதில் நிறை குறைந்திருந்த ஆண்களே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறந்திருந்தனர். 1992 இல் ஹேல்சும் பாக்கரும், கருவிற் போசணை குறையும்போது உடல் சிக்கன முறையிற் பழகிக்கொள்கின்றது என்றும், பின்னர் உணவு பெருகும்போது அச்சிக்கனமே நீரிழிவுக்கு வழிகோலுகின்றது என்றும் கருதுகோள் வகுத்தனர்.

கொழுப்பைப் பற்றி நேரே பேசிய சான்று இதற்கு முன்னரே ஒல்லாந்திலிருந்து வந்தது. 1944-45 இன் குளிர்காலத்தில் நாற்சிப் படைகள் உணவு வழிகளைத் தடுத்தமையால் மேற்கு ஒல்லாந்து பட்டினியில் வாடியது. நாளுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைந்த பங்கீட்டிலேயே நகர மக்கள் உயிர் தாங்கினர். அக்காலத்திற் கருவிலிருந்த ஆண்பிள்ளைகள் பத்தொன்பது வயதிற் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டபோது எடுத்த அளவைகளை றவெல்லியும் துணைவரும் ஆராய்ந்து 1976 இல் வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் இளைஞரின் தரவு அது. கருவின் முற்பாதியிற் பஞ்சத்தைச் சந்தித்தோரிடம் உடற்பருமன் கூடியிருந்தது. கருவின் இறுதி மாதங்களிலும் பிறந்த முதல் மாதங்களிலும் சந்தித்தோரிடம் அது குறைந்திருந்தது. பசி ஒன்றே, அது வந்த மாதம் வேறு, விளைவும் வேறு. கொழுப்பிழையம் உருவாகும் காலமும், பசியை ஆளும் மூளைப்பகுதி அமையும் காலமும் ஒன்றல்ல என்பது அவர்கள் தந்த விளக்கம்.

பஞ்சத்துக்கு எதிர்த்திசையிலிருந்தும் இதே வினாவை அணுகியோர் உளர். கொப்பன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பீடர்சன், நீரிழிவுடைய தாய்மாரின் குழந்தைகள் ஏன் பெருத்துப் பிறக்கின்றன என்பதை விளக்க முயன்றார். தாயின் குருதியிலுள்ள குளுக்கோசு சூல்வித்தகத்தினூடாகச் சிசுவைச் சென்றடையும். தாயின் இன்சுலின் சென்றடையாது. மிகுதியான குளுக்கோசைக் கண்ட சிசுவின் சதையி தானே இன்சுலினைப் பெருமளவிற் சுரக்கும். அது கொழுப்பைத் தேக்கும். அரிசோனாவின் பீமா இந்தியரிடையே பெற்றிற் என்பார் 1983 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விளைவு பிறப்புடன் முடிவதில்லை எனக் காட்டியது. கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்த தாயரின் பிள்ளைகள் பருவ வயதிலும் கூடுதலான பருமனுடையோராக இருந்தனர். இது பரம்பரையலகின் செயலாகவும் இருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. அதற்கும் 2000 ஆம் ஆண்டில் விடை கிட்டியது. ஒரே தாய்க்கு நீரிழிவு தோன்றுமுன் பிறந்த பிள்ளையையும் தோன்றிய பின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டபோது, பின் பிறந்த பிள்ளையிடமே பருமனும் நீரிழிவும் கூடியிருந்தன. தாயும் தந்தையும் வேறல்லர்; கருவறையின் நிலைமையே வேறு.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெற்ற இம்முடிவுகள் தென்னாசியாவிற்கு எவ்வளவு பொருந்தும்? இங்கேதான் வரலாறு நமது வாசலை நெருங்குகின்றது. புனே நகரில் கே.ஈ.எம். வைத்தியசாலையின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், 1993 முதல் அருகிலுள்ள ஆறு கிராமங்களின் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து அவதானித்தார். அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, சவுத்தாம்ரன் குழந்தைகளினது 3.5 கிலோ. இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது தோல்மடிப்பை அளந்தபோது வெளிப்பட்டது. புனேக் குழந்தையின் தசை மிகக் குறைவு, வயிற்றுறுப்புக்கள் சிறியன, ஆனால் தோட்பட்டையின் கீழுள்ள கொழுப்பு மாத்திரம் பெரும்பாலும் குறையாதிருந்தது. மெலிந்த உடலுக்குள் ஒரு கொழுத்த குழந்தை! 2003 இல் வெளியான இவ்வாய்வு, நிறை குறைந்த குழந்தையிடம் கொழுப்பும் குறைந்திருக்கும் என்ற எளிய எண்ணத்தைத் தகர்த்தது. அதே குழந்தைகள் ஆறு வயதை அடைந்தபோது, கர்ப்பகாலத்திற் போலிக்கமிலம் உயர்ந்தும் விற்றமின் பீ-12 குறைந்தும் இருந்த தாயரின் பிள்ளைகளிடம் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடியிருந்தன என 2008 இல் அறிவிக்கப்பட்டது. வயிற்றை நிரப்பும் உணவு வேறு, உடலைச் சமைக்கும் உணவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மைசூரிலோ கதை சற்று மாறியது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வேர்த் ஞாபகார்த்த வைத்தியசாலை 1934 முதற் பிறப்புப் பதிவேடுகளைப் பேணிவந்தது. அவ்வேடுகளின்படி அங்கு பிறந்தோரை நடுவயதிற் பரிசோதித்தபோது, ஹேட்ஃபட்ஷயரைப் போலச் சிறிய குழந்தைகளிடமன்றி, நீளம் குறைந்து பருத்துப் பிறந்தோரிடமும் நிறை கூடிய தாயரின் பிள்ளைகளிடமுமே நீரிழிவு மிகுந்திருந்தது. 1997-98 இல் அதே வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளின் பிள்ளைகளைத் தொடர்ந்தபோது, கர்ப்பகால நீரிழிவுடையோரின் பெண்பிள்ளைகளிடம் ஐந்து வயதிலேயே கொழுப்பு கூடியிருந்தது. ஒன்பதரை வயதிலும் பெண்பிள்ளைகளிடம் அது காணப்பட்டது. மெலிந்த தாய், பருத்த தாய் என்ற இரு வாசல்களும் ஒரே அறைக்கு இட்டுச்செல்கின்றன போலும். இன்னும் கூர்ந்து நோக்கின், இவை இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்வில் அடுத்தடுத்து வரக்கூடியவை. சிறியவளாய்ப் பிறந்தவள் உணவு பெருகிய காலத்திற் பருத்து, கர்ப்பகாலத்தில் நீரிழிவுற்று, கொழுத்த குழந்தையைப் பெறுகின்றாள். சக்கரம் அவ்வாறு சுழல்கின்றது.

பிறந்த பின் நிகழ்வதும் புறக்கணிக்கத்தக்கதன்று. குழந்தையின் கொழுப்பு முதலாண்டில் ஏறும். பின் இறங்கி, ஏறக்குறைய ஆறு வயதின் பின் மீண்டும் ஏறும். இம்மீளெழுச்சி முந்தி வந்த பிள்ளைகள் பின்னர் பருமனடைதலைப் பாரிசைச் சேர்ந்த றோலன்-கஷேரா 1984 இல் எடுத்துக்காட்டினார். டில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தோரைத் தொடர்ந்து 2004 இல் வெளியான ஆய்விலும், குழவிப் பருவத்தில் மெலிந்திருந்து மீளெழுச்சி முந்தப்பெற்றோரே முப்பது வயதளவில் நீரிழிவுக்கு ஆளாகினர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவயதிற் குண்டுப் பிள்ளைகளாகத் தோற்றியவரல்லர். மெலிவிலிருந்து ஏறிய வேகமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கொழுகொழுவென்ற குழந்தையே நலமான குழந்தை என்ற எண்ணத்தைப் புட்டிப்பால் விளம்பரங்கள் நீண்டகாலம் வளர்த்தன. 1939 இலேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் இவ்வியாபாரத்தைக் கொலைக்கு நிகரானதெனக் கண்டித்தார். தாய்ப்பாலைப் பொறுத்தவரை இலங்கை பெருமைப்படலாம். 2006-07 இன் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் தாய்ப்பால் ஒன்றையே பருகினர்.

அதே அளவீட்டின்படி ஏறத்தாழ ஆறில் ஒரு குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவே பிறந்தது. சிசு மரணத்தை ஐரோப்பிய நாடுகளுக்கு நிகராகக் குறைத்த ஒரு நாடு பிறப்பு நிறையை அவ்வாறு உயர்த்த முடியாமற் போனமை ஆழ்ந்து நோக்கற்பாலது. நாடு முயலாதிருக்கவில்லை. 1973 இல் திரிபோஷா என்ற சத்துமா வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. சோளமும் சோயாவும் கலந்த அம்மா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாயருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கர்ப்பிணிக்குக் கொடுத்த பொதி வீடு சென்றதும் எல்லாருக்கும் உரிய பலகாரமாகிவிடுவது யாவரும் அறிந்ததே. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அதன் விநியோகமும் தடைப்பட்டது. இதற்கிடையில் மறுமுனையிலும் மாற்றம் நிகழ்ந்தது. 2005-06 இன் தேசிய ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்றது. பிரிஸ்பேன் நகரில் வளரும் இலங்கை வம்சாவளிச் சிறாரை அங்குள்ள வெள்ளையினச் சிறாருடன் ஒப்பிட்ட புஜித்த விக்கிரமசிங்க முதலியோர், ஒரே உடற்றிணிவுச் சுட்டியில் இலங்கைச் சிறாரிடம் கொழுப்பு விகிதம் கூடியிருத்தலைக் கண்டனர். புனேயில் தோன்றிய உண்மை பிரிஸ்பேனிலும் மறையவில்லை.

இனி நாவற்குடாவுக்கு மீளலாம். இக்கரையின் பெண்கள் கடந்துவந்த ஆண்டுகளை எண்ணினால் ஒல்லாந்தின் ஒரு குளிர்காலம் சிறிதாகத் தோன்றும். 1978 நவம்பர் 23 இன் சூறாவளி தென்னைகளையும் கூரைகளையும் ஒரே இரவில் வீழ்த்தியது. 1983 முதல் 2009 வரை போர்; அதிலும் 1990 ஆம் ஆண்டு மட்டக்களப்பின் தமிழரும் முஸ்லிம்களும் மறக்கவியலாத ஆண்டு. இடப்பெயர்வு, உலர் உணவுப் பங்கீடு, கடலுக்கும் வாவிக்கும் செல்லத் தடை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை. சூறாவளி ஆண்டிற் கருவிலிருந்த பெண்பிள்ளை நூற்றாண்டு மாறும் வேளையில் தாயானாள். 1990 இற் கருவிலிருந்தவள் இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளின் தாய். பெண் சிசுவின் சூலகத்தில் அதன் வாழ்நாள் முழுமைக்குமான முட்டைகள் பிறப்பின் முன்னரே உருவாகிவிடுகின்றன என்பது உயிரியல் கூறும் செய்தி. எனவே 1990 இல் அகதி முகாமொன்றில் வாடிய கர்ப்பிணியின் உடலில் அவள் மகள் மட்டுமன்றி, அம்மகள் பெறவிருந்த பிள்ளையின் வித்தும் இருந்தது. பாட்டி, தாய், பிள்ளை என்ற மூவரும் ஓருடலில்! வயிற்றுவார் என்ற சொல்லை ஆக்கிய முன்னோர் அறிந்தோ அறியாமலோ கண்ட உண்மை இது.

இவ்விடத்தில் ஒரு கண்டனம் கூறாது செல்லல் இயலாது. தாயின் உடலே பிள்ளையின் உடலை ஆக்குகின்றது என்ற அறிவு எளிதில் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அறிவாகிவிடுகின்றது. பிள்ளை மெலிந்தால் அவள் உண்ணவில்லை. பிள்ளை பருத்தால் அவள் கவனிக்கவில்லை. அவள் உண்ணாமைக்குக் காரணம் யாது என்று வினவுவோர் சிலரே. தாய்வழிச் சமூகமென்று பெருமை பேசும் பிரதேசத்திலும் வீடுதான் பெண்ணுடையது; சட்டியின் அடிச்சோறும் அவளுடையதே. ஆணும் பிள்ளைகளும் உண்ட பின் எஞ்சிய மீன் துண்டை உண்டவள், தன் குருதியிலிருந்து எதனைக் கொடுத்திருக்க இயலும்? கர்ப்பம் தரித்த பின் கொடுக்கும் சத்துமா காலங்கடந்த உதவி என்பதற்கும் சான்றுண்டு. மும்பாயின் சேரிகளில் 2006 இல் ஆரம்பித்த ஆய்வொன்றில், கீரை, பழம், பால் கலந்த சிற்றுண்டி கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களுக்கு நாள்தோறும் வழங்கப்பட்டது. பிறப்பு நிறை பொதுவில் உயரவில்லை. கருவுறுவதற்கு மூன்று மாதமாவது முன்தொடங்கி உண்டோரிடம், அவர்களுள்ளும் மிக மெலியாதோரிடம், உயர்ந்தது. கர்ப்பகால நீரிழிவோ ஏறக்குறையப் பாதியாயிற்று. அங்ஙனமாயின் கவனிக்கப்பட வேண்டியவள் சிகிச்சை நிலையத்தில் வரிசையில் நிற்கும் கர்ப்பிணி மட்டுமல்லள். வெறும் தேநீருடன் பள்ளிக்குச் செல்லும் பதினாலு வயதுப் பெண்ணுமாவாள். பரம்பரையலகும், பள்ளிவாயிலில் விற்கும் இனிப்பும், விளையாட நிலமின்மையும் கொழுப்பின் கதையில் உண்டு. கருவறை ஒன்றே காரணமெனக் கூறும் ஆய்வாளர் எவருமிலர்.

நாவற்குடாவில் ஒரு பெண் தன் வீட்டு அலுமாரியிற் பத்திரப்படுத்திய கடதாசிகள் இரண்டு: தாய்வழி வந்த வீட்டின் உறுதியும், பிள்ளையின் நிறை குறித்த சிகிச்சை நிலைய அட்டையும். ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் வீடுகளுடன் இத்தகைய கடதாசிகளையும் அள்ளிச் சென்றது. பின்னர் புதிய வீடுகள் கட்டி வழங்கப்பட்டபோது, பெண்ணின் பெயரிலிருந்த காணிக்கும் வீட்டுக்கும் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரிற் பத்திரம் எழுதப்பட்ட சம்பவங்கள் மட்டக்களப்பில் நிகழ, பெண்கள் அமைப்புக்கள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. உறுதியை மறுபடி எழுதலாம், பிழையாகவேனும். அட்டையிலிருந்த எண்களை மீள எழுத எவராலும் இயலவில்லை. அவை அப்பிள்ளைகளின் உடல்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவர்களுட் பலர் இப்போது தாயராகும் வயதை அடைந்துள்ளனர்.